கட்டிலுக்கடியில் ஒரு பரோலோ

எங்கள் வீட்டில் ஏ.சி. உள்ள அறை ஒன்றுதான். ராஜா அண்ணாமலைபுரத்தில் மூன்றாவது மாடி, மேற்கு வெயிலை முழுசாக வாங்கிக்கொள்ளும் ஃப்ளாட். கத்திரி வெயிலில் மற்ற வீடுகளில் மனிதர்கள் ஏ.சி. அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்வார்கள். நான் அங்கே ஒரு பாட்டிலைப் படுக்க வைத்துவிட்டு, அதற்காகப் பகல் முழுக்க ஏ.சி.யை ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்து ஹாலில் பனியனோடு உட்கார்ந்து செய்தித்தாளால் விசிறிக்கொள்வேன். வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் ஒரு நாள் கட்டிலுக்கடியில் பெருக்கப் போனவள், துடைப்பத்தோடு வெளியே வந்தாள்.

"இன்னா சார், கதவு மூடி ஏ.சி. ஓடிக்கினு கீது, யாருக்கோ ஒடம்பு சரியில்லன்னு நெனச்சேன். பாத்தா பாட்டிலு படுத்துக்கினு கீது."

மனைவி சமையலறையிலிருந்து பதில் சொன்னாள். "அது அவரோட ரெண்டாவது பிள்ளை. தொந்தரவு பண்ணாதே, தூங்கட்டும்."

பாட்டிலுக்குள் இருந்தது பரோலோ. இத்தாலியின் வடமேற்கு மூலையில் பியட்மாண்ட் என்று ஒரு பகுதி. அங்கே சில குன்றுகளில் விளையும் ஒரே ஒரு வகைத் திராட்சையிலிருந்து செய்கிற சிவப்பு ஒயின். எங்கள் முதல் பிள்ளை, ஒரே பிள்ளை, அந்தப் பக்கத்து நகரம் ஒன்றில் கார்களுக்கு உருவம் வரைகிற வேலையில் இருக்கிறான். சில வருஷங்களுக்கு முன் அறுவடைக் காலத்தில் நானும் மனைவியும் போய் அவனோடு தங்கியிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் எங்களைக் காரில் அந்தக் குன்றுகளுக்கு அழைத்துப் போனான். மேலே ஏறினால் கீழே ஊரே இல்லை, வெறும் மூடுபனி. அந்தத் திராட்சைக்கே மூடுபனியை வைத்துத்தான் பெயர் வந்தது என்று பிள்ளை சொன்னான். நான் மெட்ராஸ்காரன். ஸ்வெட்டரும் மஃப்ளரும் குரங்குக் குல்லாவுமாக இருந்ததால் எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

அங்கே திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் சேறு படிந்த பூட்ஸோடு வந்து எனக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார். முதல் ஏமாற்றம் நிறத்தில். சிவப்பு ஒயின் என்றால் கருஞ்சிவப்பாக, பார்த்தாலே தலை சுற்றுகிற மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். இது பீட்ரூட் வேகவைத்து வடித்த தண்ணீரை இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு நீட்டியது போல இருந்தது. கிளாஸுக்கு அந்தப் பக்கம் என் விரல்கள் தெரிந்தன, ஓரத்தில் செங்கல் நிறம். விருந்தாளி பழக்கமில்லாதவர் என்று கலந்து கொடுத்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.

அந்தச் சந்தேகத்தோடு ஒரு வாய் குடித்தேன். காயான நாவல்பழத்தைக் கடித்தது போல நாக்கு, அண்ணம், ஈறு எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துப் பிடித்தது. பார்ப்பதற்குப் பரம சாது. வாய்க்குள் போனதும் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளுகிறது. துப்பிவிடலாம் என்று இடம் தேடினேன். எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கிவிட்டு, சங்கீத சபையில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி கண்ணை மூடித் தலையாட்டினேன். என் ஒயின் புலமை அந்தத் தலையாட்டலில்தான் ஆரம்பித்தது.

என் மனைவி குடிக்கிறவள் இல்லை. எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் அந்தப் பேச்சே கிடையாது. ஆனால் எது கையில் கிடைத்தாலும் மோந்து பார்ப்பாள். என் கையிலிருந்த கிளாஸை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள்.

"ரோஜா. நம்ம பன்னீர் ரோஜா. அப்புறம், ரோடு போடறச்ச வருமே தார், அது." கொஞ்சம் யோசித்து, "ரெண்டும் சண்டை போடாம இருக்கு" என்றாள்.

பிள்ளை அதை அவர்கள் பாஷையில் சொன்னான். தோட்டக்காரர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னான். அந்த ஒயினைப் பற்றித் தெரிந்தவர்கள் எல்லாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்வது அந்த இரண்டு வார்த்தைகளைத்தானாம், ரோஜாவும் தாரும். அவர் உள்ளே போய் ஒரு பாட்டிலைத் துடைத்து எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார். குடித்தவன் நான், பரிசு அவளுக்கு. இன்னும் சில வருஷம் இருட்டில், குளிர்ச்சியில், படுத்த வாக்கில் இருக்கட்டும், அந்தக் கிள்ளல் அப்போது பதமாகும் என்றும் சொல்லி அனுப்பினார். இருட்டு, குளிர்ச்சி இரண்டுக்கும் மெட்ராஸில் எங்கே போவது? அதனால்தான் கட்டிலுக்கடி.

ஊருக்குத் திரும்பிய பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. தி. நகரில் ஒரு ஹோட்டலில் ஒயின் ருசிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். கிளாஸைச் சுழற்றக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு மோர் குடிக்கும்போதும் என் கை தானாகச் சுழன்றது, சட்டையில் சிந்தியது. வார்த்தைகளும் கற்றுக்கொண்டேன். பதப்படுத்திய தோல், புகையிலை, உலர்ந்த செர்ரி, மழை நனைந்த காட்டு மண். அடையாறு பூங்காவில் காலையில் என்னோடு நடக்கிறவர்களுக்கு இதையெல்லாம் விரிவாக எடுத்துச் சொல்வேன். அவர்கள் சர்க்கரை வியாதிக்காக நடக்க வந்தவர்கள், என்னிடமிருந்து தப்பிக்க இன்னும் வேகமாக நடந்தார்கள். டாக்டர் சொன்னதைவிட அவர்களுக்கு நல்ல பலன் கிடைத்திருக்கும்.

உலர்ந்த செர்ரியை நான் என் ஜன்மத்தில் பார்த்ததில்லை. தோல் வாசனை பற்றி ஒரு நாள் வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள்: "ஏன்னா, தோல் வாசனை எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க செருப்பை மோந்து பாத்தேளா?"

உண்மையான மூக்கு அவளுடையது. எங்கள் வீட்டில் சமையலை ஸ்வாமிக்குக் காட்டிவிட்டுத்தான் யாரும் வாயில் வைப்பது. சமைக்கிறவள் நடுவில் ருசி பார்த்தால் எச்சில். எங்களைப் போன்ற நிறைய மயிலாப்பூர் வீடுகளில் இன்றைக்கும் அப்படித்தான். ருசி பார்க்காமலே உப்பு எப்படித் தெரியும் என்று வெளியார் கேட்பார்கள். மூக்கால் தெரியும். அவள் அடுப்பு முன்னால் நின்று ஒரு தரம் இழுப்பாள். "உப்பு பத்தலை" என்பாள், ஒரு சிட்டிகை போடுவாள், முடிந்தது. உப்புக்கு வாசனை உண்டா என்று நான் விஞ்ஞானம் பேசியதுண்டு. "உங்களுக்கு இல்லை" என்பாள். வடக்கு மாட வீதியில் மல்லிகையை மோந்து பார்த்து இது சாயந்திரம் வரைக்கும் தாங்காது என்று சொல்லி, பூக்காரியே வேறு பந்திலிருந்து முழம் போட்டுக் கொடுக்கும்படி செய்வாள். கீழ் வீட்டில் பால் அடிப்பிடிப்பது அந்த வீட்டுக்காரிக்குத் தெரிவதற்குள் எங்கள் வீட்டிலிருந்து போன் போகும்.

போன வருஷம் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தது. எனக்கு வந்து, நான் எல்லாரிடமும் சொல்லி, எல்லாரும் விசாரித்து, போய்விட்டது. அவளுக்கும் போயிற்று. போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அடையாறில் காது மூக்குத் தொண்டை டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். "வரலாம், வராமலும் போகலாம். தினம் பயிற்சி பண்ணணும்" என்றார். ரோஜா எண்ணெய், எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம், நான்கையும் காலையும் மாலையும் மோந்து, அந்த வாசனையை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். நான்கு சின்னச் சீசாக்களில் அடைத்து வைத்தேன். அவள் பள்ளிக்கூடத்துப் பெண் போல ஒழுங்காகச் செய்தாள். ஒவ்வொன்றாக எடுப்பாள், கண்ணை மூடுவாள், மூடி வைப்பாள். "என்ன?" என்று நான் கேட்பேன். இல்லை என்று தலையை ஆட்டுவாள். சில மாதம் கழித்து, கேட்பதை நான் நிறுத்தினேன். பிறகு அவள் சீசாக்களை எடுப்பதை நிறுத்தினாள்.

சமையல்தான் பெரிய சிக்கல். மூக்கு இல்லை, ருசி பார்க்கவும் கூடாது. "கொஞ்சம் வாயில் விட்டுப் பார்த்துவிடேன்" என்று நான் சுலபமாகச் சொன்னேன்.

"எச்சில் பண்ணிட்டு அதை எப்படி ஸ்வாமிக்கு வைக்கறது? அதுவும் இல்லாம, வாயில விட்டா மட்டும் என்ன தெரியப் போறது? எல்லாம் வெந்நீர் மாதிரிதான் இருக்கு. நாக்கும் செத்துப் போச்சு."

அதனால் என்னை மூக்காக நியமித்தாள். பக்கத்தில் நிற்க வேண்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. நான் ஹோட்டலில் சான்றோர் முன்னிலையில் கிளாஸைச் சுழற்றியவன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றேன். புளித்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"பச்சை வாசனை போயிடுத்தா?" என்றாள்.

நான் குனிந்து இழுத்தேன். மூக்கில் ஆவி சுட்டது. இத்தனை வருஷம் இந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன், பச்சை வாசனை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. மழை நனைந்த காட்டு மண் தெரியும். கொதிக்கிற புளி பச்சையா இல்லையா என்று தெரியாது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். அந்தக் கழுதையாவது கற்பூரத்தைப் பற்றிப் பூங்காவில் பிரசங்கம் செய்ததில்லை.

"போயிடுத்து" என்றேன். அன்றைக்கு ரசம் புளித்தண்ணீராகவே இலைக்கு வந்தது. அடுத்த நாள் ஜாக்கிரதையாக, "இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனேன், சாம்பார் களியாகிவிட்டது. நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அவள் என் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, கரண்டியைக் கழுவி மாட்டிவிட்டு, "மந்தைவெளியில சாப்பாடு கேரியர்ல தராளாமே, சொல்லிடுங்கோ" என்றாள்.

கேரியர் வந்தது. அவள் இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டுக் கையலம்பிவிடுவாள். ரவிக்கை தொளதொளவென்று ஆனது. ஸ்வாமிக்குப் பழமும் கல்கண்டும் மட்டும் வைத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வழக்கமான பூக்காரி மல்லிகையை நறுக்கி நீட்டினாள்.

"வேண்டாம்மா."

"இன்னாம்மா, நீ மோந்துகூட பாக்கல. இப்பதான் கட்னது."

"காகிதத்துல பண்ணி வச்சுண்டாலும் எனக்கு ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்துவிட்டாள். பூக்காரி என்னைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. ருசி போய்விட்டதே என்ற பயமில்லை அது. இவள் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போகிறாள், கடைசியில் என்ன மிஞ்சும் என்ற பயம்.

பயந்தவனுக்கு யோசனை வரும், என் யோசனை எப்போதும் போலக் கோணலாக வந்தது. டாக்டர் சொன்ன ரோஜா எண்ணெய் சீசாவில் இருப்பது வெறும் ரோஜா. பரோலோவில் ரோஜாவும் இருக்கிறது, தாரும் இருக்கிறது. அவளே கண்டுபிடித்த வாசனைகள். அந்த வாசனை அவள் மூளையில் எங்கேயோ ஒரு மூலையில் குந்தியிருக்கும். பாட்டிலைத் திறந்தால் எழுந்து வரும். பிள்ளையிடம் போனில் சொன்னேன்.

"அப்பா, அது ஒயின். மருந்து இல்லை."

"திராட்சாரிஷ்டம் மட்டும் என்னடா? அதுவும் திராட்சையைப் புளிக்க வச்சதுதானே? நம்மாத்துல எல்லாரும் மூடியில அளந்து குடிச்சவாதானே?"

"ஏதோ பண்ணுங்கோ. ஆனா அம்மாவை ஏமாத்தாதேங்கோ" என்றான். எதை வைத்து அப்படிச் சொன்னான் என்று எனக்கு விளங்கவில்லை, கோபம்தான் வந்தது.

தக்கையை எடுக்கத் திருகு வேண்டும். ஒயின் பண்டிதர் வீட்டில் அது இல்லை. தி. நகரில் பாத்திரக் கடை ஒன்றில் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டேன். கடைக்காரருக்குத் தாழ்ந்த குரல் பழக்கமில்லை.

"இன்னாது? பாட்டில் தொறக்கறதா? பீருக்கா?"

"தக்கை. தக்கை எடுக்கறது."

"ஏ, உள்ள அந்த ஸ்க்ரூ மாதிரி கீதே, ஒயின் தொறக்கறது, அத்த எடுத்துனு வா, சாருக்கு" என்று கடை முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார். பக்கத்தில் இட்லிக் கொப்பரை பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் திரும்பியது. நெற்றியில் விபூதியோடு நான் நின்றுகொண்டிருந்தேன். அவமானத்தை மறைக்க இரண்டு ஒயின் கிளாஸும் சேர்த்து வாங்கினேன், ஏதோ அதனால் விஷயம் கௌரவமாகிவிடும் என்பது போல.

மனைவியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அதுவே எனக்கு என்னவோ போல் இருந்தது. "மோந்து மட்டும் பாக்கறேன். விளக்கேத்தறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் முடிச்சு, அலம்பிக் கவுத்துடணும்" என்றாள். ஒரு மத்தியானம் தேர்ந்தெடுத்தோம். ஹாலில் ஸ்வாமி அலமாரியின் கதவுகளை அவள் சாத்தினாள். போதாதென்று நாங்கள் ஏ.சி. அறைக்குள் போய் அந்தக் கதவையும் சாத்திக்கொண்டோம். அறுபதைத் தாண்டிய தம்பதி, பட்டப்பகலில், கதவைச் சாத்திக்கொண்டு பாட்டில் திறக்கிறோம். யாராவது மணி அடித்திருந்தால் அங்கேயே எனக்கு மாரடைப்பு.

தக்கை பாதியில் முறிந்தது. மீதியைக் குத்தியதில் அது உள்ளே விழுந்து மிதந்தது. டீ வடிகட்டியை வைத்துக் கண்ணாடி ஜக்கில் வடித்தேன். காற்றுப் பட வேண்டும், அப்போதுதான் வாசனை திறக்கும் என்று விளக்கினேன். அவள் கட்டிலில் கால் மடித்து உட்கார்ந்து காத்திருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் ஜக்கு செங்கல் சிவப்பாக இருந்தது, அந்தப் பக்கம் திரைச்சீலையின் பூ தெரிந்தது. பிறகு கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, சுழற்றி, அவளிடம் கொடுத்தேன்.

கண்ணை மூடினாள். இழுத்தாள். கொஞ்சம் நிறுத்தி இன்னொரு தரம்.

"ரோஜா?" என்றேன். "தார்? மெதுவா. யோசிச்சுப் பாரு. அந்தக் குன்று, அந்தப் பனி…"

"ஒண்ணும் வரல்லை."

"இன்னும் திறக்கலை. கொஞ்ச நேரம் ஆகட்டும்."

கொஞ்ச நேரம் ஆனது. மறுபடி கொடுத்தேன். மறுபடி ஒன்றுமில்லை. நான் சுழற்றச் சுழற்றப் பேச்சும் கூடிக்கொண்டே போனது. முதலில் பழம் வரும், அப்புறம் பூ வரும், கடைசியில் தார் வரும் என்று ஆரத்தித் தட்டு சுற்றுகிறவன் போலக் கிளாஸை அவள் மூக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் கிளாஸை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு என்ன வரது? நிஜமாச் சொல்லுங்கோ."

நான் மோந்து பார்த்தேன். எனக்கு ஒயின் வாசனை வந்தது. வேறு எதுவும் வரவில்லை. அன்றைக்குக் குன்றிலும் வந்ததில்லை, ஹோட்டலிலும் வந்ததில்லை.

"ஒயின் வாசனை வரது" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான்கு சீசா வைத்து மாதக்கணக்கில் தோற்றவளுக்கு முன்னால், மூக்கை வைத்துக்கொண்டே ஒன்றும் தெரியாமல் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும் என்று நினைத்தேன். கண்தான் கலங்கியது.

"மருந்துன்னேளே" என்றாள். "மருந்துன்னா குடிக்கணும். குடிச்சுட்டுப் போறேன், விட்டது சனி."

தண்ணீர்ச் சொம்புக்கு மூடியாக இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்தாள். கிளாஸிலிருந்ததை அதில் கொட்டினாள். எங்கள் வீட்டில் எதையும் உதடு படக் குடிப்பதில்லை. தலையை நிமிர்த்தி, டம்ளரைத் தூக்கி, தாரையாக வாய்க்குள் விட்டுக்கொள்வதுதான் பழக்கம். அப்படியே விட்டுக்கொண்டாள். வாசனைக்கென்றே வளர்த்து, வாசனைக்கென்றே வாய் குவிந்த கிளாஸ் வாங்கி, காற்றுக் காட்டி, சுழற்றி, இத்தனையும் செய்த ஒயின் அவள் மூக்கின் பக்கமே போகாமல் நேராகத் தொண்டைக்குப் போயிற்று. ஹோட்டல் ஆசிரியர் பார்த்திருந்தால் வேலையை விட்டிருப்பார்.

அவள் முகம் சுருங்கியது. நான் பதறிப்போய்த் தண்ணீர்ச் சொம்பை நீட்டினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்தாள். பல்லின் மேல் நாக்கை ஓட்டினாள். கன்னம் உள்ளே போய் வெளியே வந்தது.

"என்னது இது, வாயெல்லாம் புடிக்கறது."

"பிடிக்கும். அதான் அது…"

"பேசாம இருங்கோ."

இன்னும் கொஞ்சம் டம்ளரில் ஊற்றச் சொன்னாள். இந்தத் தடவை விழுங்கவில்லை, வாயிலேயே வைத்திருந்தாள். பிறகு விழுங்கிவிட்டு, ரொம்ப மெதுவாக, அடுப்பு முன்னால் நின்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"முதல்ல புளிப்பு. பக்கவாட்டுல, நாக்கோரத்துல. அது நல்ல புளிப்பு, பழைய புளி. அப்புறம் ஒண்ணுமே இல்லாத மாதிரி ஒரு இடம். அப்புறம் துவர்ப்பு. ஈறுலேர்ந்து கிளம்பறது. கடுக்காய் மாதிரி முரடு இல்லை, வாழைப்பூவை மோர்ல போடாம பண்ணினா இருக்குமே, அந்த மாதிரி. அது போக மாட்டேங்கறது, பாருங்கோ. இன்னும் இருக்கு. இன்னும் இருக்கு." டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியறதே!"

துவர்ப்புக்கு மூக்கு தேவையில்லையாம். அது வாசனையுமில்லை, முழுக்க ருசியுமில்லை, வாய்க்குள் தோல் உணர்கிற தொடுகை என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். உப்பும் புளிப்பும்கூட நாக்குக்கே தெரியும், வாசனை போனதில் நாக்கும் போய்விட்டதாக அவள்தான் முடிவு கட்டிவிட்டாள் என்றார். எங்கள் சமையலில் வாழைப்பூவானாலும் கச்சல் வாழைக்காயானாலும் துவர்ப்பை எடுத்துவிட்டுத்தான் வாணலியில் போடுவது. கேரியர்க்காரரிடம் வாழைப்பூவே கிடையாது. ஆக, அவள் நாக்கு உயிரோடு இருக்கிறது என்று அவளிடம் சொல்ல இத்தனை நாள் ஆள் இல்லை. எங்கேயோ பனிமூடிய குன்றிலிருந்து ஒரு சாது நிறத்து ஒயின் வந்து கன்னத்தைக் கிள்ளிச் சொல்ல வேண்டியிருந்தது.

நானும் குடித்தேன். ரோஜாவைத் தேடவில்லை. அவள் சொன்ன வழியிலேயே போனேன், புளிப்பு, ஒன்றுமில்லாத இடம், துவர்ப்பு. எல்லாம் அங்கங்கே இருந்தன. தோட்டக்காரர் சொன்னது சரிதான், கிள்ளல் பதமாகியிருந்தது. பிடிக்கிறது, ஆனால் வலிக்கவில்லை, பிடித்தபடியே ரொம்ப தூரம் கூட வருகிறது. இந்த ஒயினுக்காக மனிதர்கள் ஏன் பித்தாக இருக்கிறார்கள் என்று முதல் தடவையாக எனக்குப் புரிந்தது. இதற்குப் பூங்காவில் சொல்கிற மாதிரி வார்த்தை ஒன்றும் அகப்படவில்லை, அதனால் பூங்காக்காரர்கள் தப்பித்தார்கள்.

அன்று சாயந்திரம் அவள் குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றினாள். ராத்திரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். செய்தது தப்பு என்று மருகுகிறாளோ, இதற்குப் பரிகாரம் கேட்பாளோ என்று எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

காலையில் சமையலறையில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். புளி கரைத்தாயிற்று, பருப்பு வெந்தாயிற்று. ரசம் நுரைத்து ஏறிக்கொண்டிருந்தது. என் உத்தியோகம் ஞாபகம் வந்தது.

"நான் பார்க்கட்டுமா? பச்சை வாசனை…"

"வேண்டாம். நீங்க போய்ப் பேப்பர் படிங்கோ."

நான் போகவில்லை, நிலைப்படியிலேயே நின்றேன். அவள் கரண்டியில் கொஞ்சம் ரசத்தை எடுத்து, ஊதி, உள்ளங்கையில் விட்டு, வாயில் போட்டுக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து நான் அதைப் பார்த்ததில்லை. நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்து, யோசித்து, உப்பு போட்டாள். கையைக் கழுவினாள். இன்னொரு தரம் எடுத்து விட்டுக்கொண்டாள். அடுப்பை அணைத்தாள். ஹாலுக்குப் பாத்திரத்தோடு போய் அலமாரிக் கதவைத் திறந்து, ஸ்வாமி முன்னால் வைத்தாள்.

"எச்சில் பண்ணிட்டியே" என்றேன். இந்த விஷயத்தில் நான் அபிப்பிராயம் சொல்ல என்ன யோக்கியதை என்று யோசிக்காமல்.

அவள் திரும்பவில்லை. அலமாரிக்குள் இருந்த ஸ்வாமியிடமே பேசினாள். "நேத்திக்கு ஒயினே குடிச்சாச்சு. எச்சிலெல்லாம் அதுக்கு முன்னாடி எந்த மூலை. மூக்கை நீ எடுத்துண்டே, சரி. நாக்கை விட்டு வச்சிருக்கே, அதை வச்சுண்டுதான் இனிமே இந்த ஆத்துல சமையல். நான் சாப்பிட்டுப் பாத்துட்டுத்தான் உனக்கு. இஷ்டம்னா சாப்பிடு."

மணியை அடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும்தான். தட்டை எடுத்துண்டு வாங்கோ, கேரியர்காரனுக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லுங்கோ."

இரண்டு தட்டு எடுத்து வந்தேன். சாதத்தில் ரசத்தை விட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். உப்பு ஒரு கல் கூடத்தான். சொல்வதா வேண்டாமா என்று நான் திண்டாடிக்கொண்டிருக்கும்போதே, "உப்பு ஒரு கல் கூட" என்று அவளே சொன்னாள். சொல்லிவிட்டு, தன் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டாள்.